நாணம் வேறு, நடுக்கம் வேறு

திருமணப் பேச்சுத் தொடங்கும் வீடுகளில் ஒரு பாராட்டு வழக்கமாக ஒலிக்கும். "எங்கள் பெண் வாய் திறந்து பேசமாட்டாள், வேற்றாள் வந்தால் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள், அவ்வளவு அடக்கம்" என்று தாயார் பெருமையுடன் கூறுவார். மாப்பிள்ளை வீட்டாரும் மனம் குளிர்வர். அந்தப் பெண்ணோ கதவுக்குப் பின்னால், உள்ளங்கை வியர்க்க, நெஞ்சு படபடக்க, தேநீர்த் தட்டை ஏந்தி நடக்க வேண்டிய பத்தடித் தூரத்தை எண்ணி இரண்டு இரவுகளாக உறங்காமல் இருந்திருக்கக்கூடும். அதை அவ்விரு வீட்டாரில் ஒருவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஆண் பிள்ளை என்றால் பாராட்டு இல்லை, ஏளனம் உண்டு. "ஆம்பிள்ளைப் பிள்ளைக்கு என்ன வெட்கம்?" என்பார்கள். ஓதும் வகுப்பில் தேன் சொட்ட ஓதுகின்ற மாணவன், மீலாது விழா மேடையில் ஒலிபெருக்கியைக் கண்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டு நிற்பதை நானும் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். அவர்களுள் பெரும்பாலோர் அடுத்த ஆண்டு தேறிவிடுவர். சிலர் தேறுவதில்லை. விழா வருகிறது என்றாலே அவர்களுக்குக் காய்ச்சல் வரும். பிறகு ஜும்ஆவுக்குப் பாங்கு முடிந்த பின்னரே வந்து, செருப்பு கழற்றும் இடத்தருகே நின்று தொழுதுவிட்டு, ஸலாம் கொடுத்த மறுகணம் காணாமற் போவார்கள். கல்லூரியில் முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து தம் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே கல்லூரியைக் கைவிட்டவர்களும் உண்டு. இந்தச் சிலரைப் பற்றியே இம்மாதம் எழுத விழைகின்றேன்.

நம் சமுதாயத்தில் இந்த நிலைக்கு ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. 'ஹயா' எனப்படும் நாணம் ஈமானின் ஒரு கிளை என்று நாம் கற்றிருக்கிறோம். ஆதலால் ஒரு பிள்ளை மனிதரைக் கண்டு ஒதுங்கினால் அதை நற்குணம் என்று எண்ணி மகிழ்கிறோம். குறிப்பாகப் பெண் பிள்ளை ஒதுங்கினால். ஆனால் நாணம் என்பது ஒருவர் தாமாகத் தேர்ந்துகொள்வது. தவறானதைச் செய்யாமல் தடுப்பது அதன் வேலை. நான் இங்கே குறிப்பிடும் அச்சமோ எவரும் தேர்ந்துகொள்வதன்று. அது நல்லதையும் செய்யவிடாது. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவிடாது. உரிமையுள்ள ஊதியத்தை வாங்கவிடாது. நோயுற்ற தாயை மருத்துவரிடம் அழைத்துப் போய் நோயைச் சொல்லவிடாது.

இந்த வேறுபாட்டை விளக்க எனக்கு மத்யன் நகரத்துப் பெரியவருடைய மகளின் வரலாற்றை விடச் சிறந்த சான்று தெரியவில்லை. அல்கஸஸ் அத்தியாயத்தில் அது வருகிறது. மூஸா (அலை) அவர்கள் கிணற்றடியில் அப்பெண்களுடைய ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டி உதவியபின், அவ்விருவருள் ஒருத்தி திரும்பி வருகிறாள். நாணத்துடன் நடந்து வந்தாள் என்று திருமறை அவளுடைய நடையை வருணிக்கிறது. அதே வசனத்தில் அவள் பேசவும் செய்கிறாள்: தந்தை அழைக்கிறார், இன்ன காரணத்துக்காக அழைக்கிறார் என்று அறிமுகமற்ற ஓர் ஆடவரிடம் குழப்பமின்றிச் சொல்லிவிடுகிறாள். சற்றுப் பின்னர், இவரைப் பணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தந்தைக்கு யோசனை கூறுபவளும் அவ்விரு பெண்களுள் ஒருத்தியே. நடையில் நாணம் இருந்தது. நாவில் தடை இல்லை. அன்ஸாரிப் பெண்கள் மார்க்கத்தைக் கற்பதற்கு நாணம் தடையாக இருக்க அவர்கள் விட்டதில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்து கூறியிருப்பதும் இதே கருத்தை உணர்த்தும். வாயடைத்துப் போவதுதான் நாணம் என்றால் அந்தப் பாராட்டுக்கே இடமில்லாமல் போயிருக்கும்.

இனி, அந்த அச்சம் யாது என்பதைப் பார்ப்போம். மருத்துவர்கள் இதனைச் சமூகப் பதற்ற நோய் என்கின்றனர். பிறர் தன்னைக் கவனிக்கிறார்கள், எடைபோடுகிறார்கள், தான் நடுங்குவதையும் வியர்ப்பதையும் முகம் சிவப்பதையும் கண்டு இகழப்போகிறார்கள் என்ற அச்சமே இதன் உள்ளீடு. நான்கு பேர் நடுவே உண்பது, எவரேனும் பார்த்துக்கொண்டிருக்கக் கையெழுத்திடுவது, தொலைபேசியில் பேசுவது, கடையில் விலை கேட்பது, பேருந்தில் "இங்கே நிறுத்துங்கள்" என்று குரல் கொடுப்பது ஆகிய சிறு செயல்களும் மலையாகத் தோன்றும். நிகழ்ச்சிக்கு முன்னால் நாட்கணக்கில் அதை எண்ணி மருகுதல், நிகழும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளுதல், முடிந்தபின் 'இப்படிச் சொல்லிவிட்டேனே' என்று இரவெல்லாம் அதையே அறுத்துப் பார்த்தல் என்று அந்தத் துன்பத்துக்கு மூன்று காலங்கள் உண்டு. இது ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்து, படிப்பையோ தொழிலையோ உறவையோ குலைக்கும்போதுதான் மருத்துவர் அதை நோய் என்பார். பெரும்பாலும் பருவ வயதில் தொடங்குகிறது. பிள்ளை வளர வளர அது அவனுடைய குணமாகவே மற்றவர்களுக்குத் தோன்றிவிடுவதால் நோயென்று ஐயுறுவார் இல்லை.

மேலைநாட்டு மருத்துவத்திலும் இதற்குத் தனிப்பெயர் கிடைத்தது அண்மையில்தான். 1960-களில் இலண்டனில் ஐசக் மார்க்ஸ் என்ற மனநல மருத்துவர் இதனைப் பிற அச்சங்களிலிருந்து பிரித்து விவரித்தார். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இது தனி நோயாக இடம்பெற்றது. ஆனால் அச்சத்துக்கு மருத்துவம் எழுதியவர்கள் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம்மிடையே இருந்தனர். இன்றைய ஆப்கானிஸ்தானத்தைச் சேர்ந்த பல்கு நகரத்து அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு கி.பி. 934) உடல், உள்ளம் ஆகிய இரண்டின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். சினம், அச்சம், துயரம், விடாது வந்து அலைக்கழிக்கும் எண்ணங்கள் என்று உள்ளத்தின் நோய்களை அவர் வகைப்படுத்தினார். உடலுக்கு வரும் திடீர் நோய்க்காக வீட்டில் மருந்து வைத்திருப்பதைப் போல, உள்ளம் கலங்கும் நேரத்துக்கென்று நல்ல எண்ணங்களை நலமாய் இருக்கும்போதே சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் தந்த யோசனை. உள்ளத்தின் நோய்க்கு மருத்துவம் தேடுவது புதிதாக வந்த அந்நியப் பழக்கம் என்று சொல்வோர் அல்பல்கீயின் பெயரையாவது அறிந்திருத்தல் நலம்.

பிள்ளைக்கு இப்படி இருந்தால் நம் வீடுகளில் நடப்பது என்ன? முதலில் திட்டுவர். பிறகு கண்ணேறு என்பர். அதன்பின் ஓதி ஊதிய தண்ணீர், தாயத்து, 'ஜின்னு கோளாறு' என்று மாதங்கள் கடக்கும். ஓதிப் பார்ப்பதையோ துஆச் செய்வதையோ நான் குறை கூற வரவில்லை. அது என் அன்றாடப் பணிகளில் ஒன்று. துஆவோடு நின்றுவிடுவதுதான் பிழை. மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று நாட்டுப்புற அரபிகள் கேட்டபோது, செய்துகொள்ளுமாறே நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். அந்த ஏவலில் வயிற்றுவலிக்கு மட்டும், மூட்டுவலிக்கு மட்டும் என்ற விதிவிலக்கு எதுவும் இல்லை.

மருத்துவமனையை நோக்கிக் கால் எழாததற்கு இன்னொரு காரணம் 'கீழ்ப்பாக்கம்' என்ற சொல். சென்னையின் மனநலக் காப்பகம் 1794-இல் தொடங்கப்பெற்று, 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் பெயர்ந்தது. அன்று முதல் அந்த ஊர்ப்பெயரையே நாம் வசைச்சொல்லாக்கிவிட்டோம். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று திரைப்படத்திலும் தெருவிலும் சிரித்துச் சிரித்து, மனநல மருத்துவரைப் பார்ப்பதே குடும்பத்துக்கு இழுக்கு என்ற நிலையை உண்டாக்கியவர்கள் நாமே. கூட்டத்தில் பேச அஞ்சுகிற பட்டதாரிக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் தொடர்பு இல்லை. ஆனால் 'பெயர் கெட்டுவிடும்' என்ற ஒரே காரணத்தால் அவன் பத்தாண்டுகளை இழக்கிறான்.

வெட்கத்தாலும் அறியாமையாலும் மருத்துவம் தள்ளிப்போனால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் கண்முன் ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி மாண்டனர். உயிரிழந்தோர் 28 பேர். அவர்களுடையது வேறு வகையான, கடுமையான நோய். ஆனாலும் அவர்களை அங்கே கொண்டு சேர்த்த மனப்போக்கு, நம் வீட்டுப் பிள்ளையின் படபடப்பை மூடி மறைக்கும் மனப்போக்கிலிருந்து வேறுபட்டதன்று. அத்துயரத்துக்குப் பின் ஏற்பட்ட ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும். குஜராத்தின் உனாவா மீரா தாத்தார் தர்காவிலும், பின்னர் ஏர்வாடியிலும், நாடி வருவோருக்குத் துஆவுடன் மருத்துவரின் மருந்தும் சேர்ந்து கிடைக்க ஏற்பாடு செய்யப்பட்டது. 'தவா'வும் 'துஆ'வும் என்று அதற்குப் பெயர்.

சரி, இந்த அச்சத்திலிருந்து ஒருவர் வெளிவர முடியுமா? நாடறிந்த ஒருவரின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்வோம். காந்தியடிகள் இலண்டனில் சட்டம் பயின்ற நாட்களில் சைவ உணவுச் சங்கத்தின் கூட்டத்தில் பேச எழுதிக்கொண்டு போன தாளைத் தாமே படிக்க இயலாமல், வேறொருவரைக் கொண்டு படிக்கச் செய்தார். பாரிஸ்டராகத் திரும்பிவந்து பம்பாயின் சிறு வழக்கு நீதிமன்றத்தில் 30 ரூபாய் கட்டணத்துக்கு ஏற்ற முதல் வழக்கில், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார், தலை சுற்றிற்று, கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டார். வேறு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுமாறு கூறிவிட்டு நீதிமன்றத்தை விட்டு வெளியேறினார். இவற்றை அவரே தம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவருக்கு இருந்தது நோயா, வெறும் கூச்சமா என்று இன்று நாம் முடிவு கட்டத் தேவையில்லை. அவர் பட்ட பாடு இந்நோயாளர் படும் பாட்டை ஒத்தது என்பது போதும்.

அந்த நா எங்கே அவிழ்ந்தது என்பதுதான் நம் வாசகர்கள் பலர் அறியாத செய்தி. தாதா அப்துல்லா நிறுவனத்தின் வழக்குக்காக 1893-இல் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்ற காந்தியடிகள், பிரிட்டோரியா நகரில் ஹாஜி முஹம்மது ஹாஜி ஜூஸப் என்ற வணிகரின் இல்லத்தில் ஒரு கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். வந்திருந்தோர் பெரும்பாலும் மேமன் வணிகர்கள். வணிகத்தில் வாய்மை என்பது பேச்சின் பொருள். தம் வாழ்வின் முதல் பொதுப்பேச்சு என்று சொல்லத்தக்கது அதுவே என்கிறார் அவர். கூட்டம் அத்துடன் நின்றுவிடவில்லை. குறிப்பிட்ட நாட்களில் அவர்கள் மீண்டும் மீண்டும் கூடினர். ஆங்கிலம் கற்க விரும்பியவர்களுக்கு அவரே சென்று கற்பித்தார். கற்றவர் மூவர்: முடிதிருத்துபவர் ஒருவர், எழுத்தர் ஒருவர், சிறுகடைக்காரர் ஒருவர், முதலிருவர் முஸ்லிம்கள்.

இந்த நிகழ்ச்சியைக் கூர்ந்து நோக்கினால் இன்றைய உளவியலார் சொல்லும் சிகிச்சை முறையின் உறுப்புகள் எல்லாம் அதில் இருக்கக் காணலாம். நீதிமன்றம் போன்ற பகைப்புலம் அன்று. நட்பான ஒரு வீட்டின் கூடம். ஆயிரம் பேர் அல்லர், அறிந்த சிலர். என்ன பேசுவது என்பது முன்பே ஆயத்தம். ஒருமுறையோடு விடாமல் திரும்பத் திரும்பச் செய்தது. அனைத்தினும் மேலாக, 'நான் எப்படித் தோன்றுகிறேன்' என்ற கவலை போய், 'இவர்களுக்கு என்ன வேண்டும்' என்பதில் கவனம் திரும்பியது. முடிதிருத்துபவருக்கு ஆங்கிலம் கற்பிப்பவர் தம் கை நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது அன்றோ?

மலைக்கோயிலுக்குப் பெயர்பெற்ற எங்கள் திருக்கழுக்குன்றத்தில் படிக்கட்டு என்றால் விளக்கம் தேவையில்லை. வேதகிரி மலைக்கு 500-க்கு மேற்பட்ட படிகள். ஒரே தாவலில் ஏறுவார் எவருமிலர். அச்சத்தையும் அவ்வாறே ஏற வேண்டும் என்பதுதான் முறை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமக்கு அச்சமூட்டும் செயல்கள் பத்தை எழுதி, ஒவ்வொன்றுக்கும் அச்சத்தின் அளவாக நூற்றுக்கு இத்தனை என்று எண் இடவேண்டும். குறைந்த எண் உள்ளது முதற்படி. ஓர் இளைஞனுக்கு அது எதிர்ப்படும் பெரியவருக்குத் தானே முந்தி ஸலாம் சொல்வதாக இருக்கலாம். அடுத்தது, கடைத்தெருவில் வாங்கப்போவதில்லை என்றாலும் ஒரு பொருளின் விலையைக் கேட்டுவிட்டு வருவது. அதற்கடுத்தது, செங்கற்பட்டுப் பேருந்தில் அறிமுகமற்ற பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒரு வார்த்தை பேசுவது. பிறகு, நான்கைந்து பேர் மட்டும் இருக்கும் லுஹர் ஜமாஅத்தில் இகாமத் சொல்வது. மேற்படியில், ஸுப்ஹுக்குப் பின் இருக்கும் பத்துப் பேருக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டுவது. ஜும்ஆ மேடையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அது வாராமலே போனாலும் குறைவில்லை. பெண் பிள்ளைகளுக்கும் அவரவர் படிகள் உண்டு. தையற்கடையில் அளவு சரியில்லை என்று தானே சொல்வது, மருத்துவரிடம் தன் நோயைத் தாயார் சொல்லாமல் தானே சொல்வது, பெண்கள் மத்ரஸாவில் ஒரு கேள்வி கேட்பது ஆகியவை சில.

ஒரு படியில் அச்சம் பாதியாகக் குறையும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்தல் வேண்டும். அச்சம் உச்சத்துக்கு ஏறும்போது ஓடிவிடுகிறவனுக்கு, 'ஓடியதால் பிழைத்தேன்' என்ற பாடமே மனத்தில் பதிகிறது. சிறிது நேரம் தாக்குப்பிடித்து நின்றால் அச்சம் தானே வடிந்து இறங்குவதை அவன் காண்பான். நின்றுகொண்டே ஓடுகின்ற தந்திரங்களும் உண்டு; அவற்றை விடுவது கடினம். கைப்பேசியைப் பார்ப்பதுபோல் தலைகவிழ்ந்திருத்தல், நடுக்கம் தெரியாதிருக்கக் குவளையை இரு கைகளாலும் பற்றுதல், வாயிலருகே உட்காருதல், பேசவேண்டிய வாக்கியத்தை மனத்துக்குள் ஐம்பது முறை ஒத்திகை பார்த்தல் ஆகியன அத்தகையவை. இவை உதவுவனபோல் தோன்றி அச்சத்துக்கே தீனி போடுகின்றன என்று 1995-இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு ஆங்கில உளவியலார் விளக்கினர். தன்மேலேயே பதிந்துகிடக்கும் கவனத்தை வெளியே திருப்புவது அவர்களுடைய சிகிச்சையின் மையம். எதிரில் இருப்பவரின் சட்டை நிறம் என்ன, அவர் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று பார்க்கப் பழகினால் சொந்த இதயத்தின் ஓசை காதில் விழுவது குறையும்.

நோட்டுப் புத்தகத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. போகுமுன் 'என்ன நடக்கும் என்று அஞ்சுகிறேன்' என்பதை ஒரு வரியில் எழுதுக; வந்தபின் 'உண்மையில் என்ன நடந்தது' என்பதை அடுத்த வரியில் எழுதுக. 'எல்லோரும் சிரிப்பார்கள்' என்பது முன்வரி. 'கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் விலையைச் சொன்னார்' என்பது பின்வரி. ஒரு மாதத்தில் இப்படி முப்பது இணைகள் சேர்ந்துவிட்டால், எந்த உபதேசமும் செய்யாத வேலையை அந்த ஏடு செய்யும். தேநீர், காப்பியைக் குறைத்தலும் போதிய உறக்கமும் உதவும். 'துணிச்சலுக்கு' என்று போதையை நாடுவோரும் உளர்; அது நமக்கு ஹராம் என்பது ஒருபுறமிருக்க, தெளிந்தபின் பதற்றத்தை இரட்டிப்பாக்கும் என்பதும் மருத்துவ உண்மை.

ஆனால் முதற்படியிலேயே கால் வைக்க முடியாத அளவுக்கு நடுக்கம் மிகுந்தவர்கள் இருக்கிறார்கள். மருந்து வேண்டுவது இங்கேதான். 'மன உறுதி இருந்தால் மாத்திரை எதற்கு?' என்று கேட்போர், நீரிழிவு உள்ளவரிடம் 'மன உறுதியால் சர்க்கரையைக் குறை' என்று சொல்வதில்லை. மூளையின் நரம்பணுக்களிடையே செரடோனின் என்ற பொருள் செய்தி கடத்துகிறது. அது மீண்டும் உள்ளே உறிஞ்சப்படுவதைத் தணிக்கும் செர்ட்ராலின், எஸிடலோப்ராம், பரோக்ஸெட்டின் முதலிய மருந்துகளே இந்நோய்க்கு முதலில் தரப்படுவன. 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, 13,000-க்கு மேற்பட்டோர் பங்குகொண்ட 101 சோதனைகளை ஒருங்கே வைத்து நோக்கியது. தனியாள் முறையிலான சிந்தனை–நடத்தைச் சிகிச்சையே சிறந்த பலன் தருவதாகவும், மருந்துகளுள் மேற்சொன்ன வகை நல்ல பலன் தருவதாகவும் அது கண்டது. சிறிது வழிகாட்டுதலுடன் கூடிய சுயப்பயிற்சிக்கும் பயன் இருப்பதாக அதில் தெரியவந்தது. பயிற்சி தரும் உளவியலார் எல்லா ஊர்களிலும் இல்லாத நம்மைப் போன்றோருக்கு அது ஆறுதலான செய்தி.

இம்மருந்துகளைப் பற்றி நோயாளிக்கு எவரும் சொல்லாமல் விட்டுவிடும் சில செய்திகள் உள. இவை தலைவலி மாத்திரைபோல் அன்றே வேலை செய்யா. நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். சிலருக்கு இன்னும் கூடும். முதல் வாரங்களில் குமட்டல், தலைவலி, உறக்கக் குலைவு, படபடப்புக்கூட வரலாம். 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். இருபத்தைந்து வயதுக்குட்பட்டோரிடம் இந்த முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று வீட்டார் கவனித்திருத்தல் மிக அவசியம். ஐயம் தோன்றினால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இல்லற வாழ்வில் நாட்டம் குறைதல் போன்ற பக்கவிளைவும் ஏற்படுவதுண்டு. வெட்கப்பட்டு மறைக்காமல் சொன்னால் மருந்தை மாற்றித்தர வழியிருக்கிறது. குணம் தெரிந்தபிறகும் பல மாதங்கள் தொடர வேண்டும். நிறுத்தும்போது மருத்துவர் சொற்படி சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் உறக்கமின்மையும் வாட்டும். கருத்தரிக்க எண்ணும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரைக் கலந்துகொள்க.

'இவை போதைப் பொருள்கள் அல்லவா?' என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். அல்ல. இவை மயக்கமூட்டுவதில்லை, மேலும் மேலும் வேண்டும் என்ற வேட்கையை உண்டாக்குவதுமில்லை. இந்த அச்சம் அல்ப்ரஸோலம், டயஸிபாம் போன்ற வேறொரு வகைக்குத்தான் பொருந்தும். அவை அரைமணி நேரத்தில் நெஞ்சை அமைதியாக்கும், அதனாலேயே ஆபத்தானவை. சில வாரங்களில் உடல் அவற்றுக்குப் பழகிவிடுகிறது. 2014 முதல் நம் நாட்டில் அவை சிறப்புக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளன. மருந்துச்சீட்டு இல்லாமல் தெரிந்த கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, நேர்காணல்தோறும் ஒன்று போட்டுக்கொள்ளும் இளைஞர்களுடைய பெற்றோர் விழித்துக்கொள்ள வேண்டும். மேடையில் மட்டும் நடுங்குவோருக்கு இதயத் துடிப்பைத் தணிக்கும் ப்ரொப்ரனலால் தரப்படுவதுண்டு. அதைக் கண்டறிந்த ஜேம்ஸ் பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். ஆஸ்துமா உள்ளவர்க்கு அது ஆகாது. எனவே அதையும் நண்பர் தந்தார் என்று விழுங்கக் கூடாது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 1999-இல் அமெரிக்காவில் பரோக்ஸெட்டினுக்கு இந்நோய்க்காக அனுமதி கிடைத்தபின், அங்கே நடந்த விளம்பரங்கள் கூச்சமுள்ள ஒவ்வொருவரையும் நோயாளியாக்கப் பார்த்தன என்று கண்டனம் எழுந்தது. அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. அமைதியான இயல்புடையவர்கள் உலகுக்குத் தேவை. குறைவாகப் பேசி நிறைவாக வாழ்பவருக்கு மாத்திரையும் வேண்டாம், படிக்கட்டும் வேண்டாம். 'பேச விரும்பவில்லை' என்பவர் வேறு. 'பேச விரும்புகிறேன், முடியவில்லை' என்று தலையணையில் முகம் புதைத்து அழுபவர் வேறு. அவரவரிடம் தனியே, பரிவுடன் கேட்டாலன்றி இவ்விருவரும் வெளிப்பார்வைக்கு ஒன்றாகவே தெரிவர்.

ரமலானில் என்ன செய்வது என்ற ஐயம் வரும். மேற்சொன்ன முதல்வகை மருந்துகள் பெரும்பாலும் நாளுக்கு ஒரு வேளை உட்கொள்ளத்தக்கவை. ஆதலால் இஃப்தாருக்குப் பின்னோ ஸஹரிலோ எடுத்துக்கொள்ளும்படி நேரத்தை மாற்ற இயலும். ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் கேட்டு நேரத்தைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது. நோன்புக்காக மாதம் முழுதும் மருந்தை நிறுத்திவிடுவதுதான் செய்யக்கூடாதது.

வீட்டாருக்கும் என் போன்ற ஆசிரியர்களுக்கும் உள்ள பங்கு சிறிதன்று. பத்துப் பேர் நடுவில் 'இவனுக்குப் பேச வராது' என்று அறிமுகம் செய்வதை நிறுத்தினாலே பாதி மருந்து. அதேபோல், எல்லாவற்றையும் அவனுக்காக நாமே பேசிவிடுவதும் தீங்கு. ஆறாண்டுகளாக மகனுக்காகக் கடைக்காரரிடமும் ஆசிரியரிடமும் தாமே பேசிவந்த தாய், அன்பினாலேயே அவனுக்குக் கூண்டு கட்டிவிடுகிறார். வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து நின்று ஓதத் திணறினால், பிரம்பும் வேண்டாம், விலக்கும் வேண்டாம். முதல் வாரம் என்னிடம் தனியே, அடுத்த வாரம் ஒரு தோழன் முன்னிலையில், பிறகு நால்வர் முன்னிலையில் என்று ஓதவைத்தால் அவனே படி ஏறிவிடுகிறான். தம் நெஞ்சு இறுகுகிறது, நா சரளமாக வரவில்லை என்று மூஸா (அலை) அவர்களே இறைவனிடம் முறையிட்டார்கள். நாவின் முடிச்சை அவிழ்க்கத் துஆக் கேட்டார்கள். தம்மைவிடத் தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் வேண்டினார்கள். துணை தரப்பட்டது, ஆனால் ஃபிர்அவ்னின் அவைக்குப் போகும் கடமை நீக்கப்படவில்லை. துணையுடன் போகச் சொல்லப்பட்டது.

மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று சில பெற்றோர் கேட்கக்கூடும். மருத்துவச் செய்தியைக் காக்கும் உரிமை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி நோயாளிக்கு உண்டு. மருத்துவர் வெளியே சொல்லமாட்டார். ஆயினும் இல்வாழ்வில் தினமும் மாத்திரையை ஒளித்து விழுங்கும் நிலையைப் பெண்ணுக்கு உண்டாக்குவது கொடுமை என்பது என் கருத்து. பேச்சு உறுதியாகும் கட்டத்தில், மணமக்கள் இருவருக்கும் நேரடியாகத் தெரிவிப்பது நேர்மையானது. அதைக் கேட்டு விலகிச் செல்லும் வீடு, பின்னாளில் அறிந்து விலகியிருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்துக்கொள்க.

எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு, செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு ஒரு பேருந்துப் பயணத் தூரத்தில் இருக்கிறது. புறநோயாளிகளைப் பார்ப்பது காலை நேரத்தில், கட்டணம் இல்லை. முன்பு எங்கேனும் மருந்து வாங்கியிருந்தால் அந்தச் சீட்டையும், பிள்ளை எழுதிய அந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்க. வாய்விட்டுச் சொல்ல முடியாததை ஏட்டைக் காட்டிச் சொல்லிவிடலாம். எவ்வூரில் இருப்பினும் 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற இச்சேவையில் தமிழிலேயே பேசுவார்கள். தொலைபேசி என்றாலே நடுங்குகிற பிள்ளைக்குத் தொலைபேசி எண்ணைத் தருவது வேடிக்கையாகத் தோன்றலாம். வீட்டில் ஒருவர் எண்ணை அழுத்தி, முதல் இரண்டு வாக்கியங்களைத் தாமே பேசிவிட்டு, பேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்து அருகிலேயே உட்கார்ந்திருந்தால் போதும்.